காமாலையோடு ரத்தக் குறைவும் சேர்ந்தால்: அண்ணனுக்கு வந்த ஸீவ் சிண்ட்ரோம்

என் அண்ணனுக்கு வந்தது ஸீவ் சிண்ட்ரோம். அந்த ஆஸ்பத்திரியிலேயே பல பேர் கேள்விப்படாத பெயர். நிறையக் குடிப்பவர்களுக்குக் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை வரும், அது எல்லாருக்கும் தெரியும். கூடவே ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறி, சிவப்பணுக்களும் உடைய ஆரம்பித்தால் அதுதான் இது. லெஸ்லி ஸீவ் என்ற அமெரிக்க டாக்டர் 1958-இல் எழுதிவைத்தார். இது இன்னதென்று தெரிவதற்குள் நாங்கள் பட்ட பாட்டை எழுதுகிறேன், வேறொரு வீட்டுக்காவது உதவட்டும்.

கண் மஞ்சளானதுமே கீழாநெல்லி அரைத்துக் கொடு, பத்தியம் இருக்கச் சொல் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அண்ணி யார் பேச்சையும் கேட்காமல் நேராகக் கொண்டுபோய் அட்மிட் செய்தார், அந்த ஒரு முடிவுக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம். காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் 14. குடியால் வந்த கல்லீரல் வீக்கம் என்றார்கள், சரி. ஆனால் ஹீமோகுளோபின் 9-இலிருந்து 7-க்குக் கீழே இறங்கியதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. கல்லீரல் கெட்டவர்களுக்கு உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்து வெடிப்பதுண்டு, அது உயிருக்கே ஆபத்து என்பதால் முதலில் எண்டோஸ்கோபி பார்த்தார்கள். அப்படித்தான் பார்க்கவும் வேண்டும். எங்கேயும் கசிவு இல்லை, மலமும் கறுப்பாகப் போகவில்லை. ரத்தம் ஏற்றினார்கள், அதற்கப்புறமும் இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

திருப்பம் வந்தது லேபிலிருந்து. “சாப்பிட்டவுடனே ரத்தம் எடுத்தாங்களாக்கா?” என்று அங்கிருந்த தம்பி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அண்ணன் முந்தின நாளிலிருந்து கஞ்சியைக்கூடத் தொடவில்லை என்றேன். ட்யூபைத் தூக்கிக் காட்டினார். அடியில் சிவப்பு, மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர் பாதாம் பால் மாதிரி கலங்கி நின்றது. இவ்வளவு கொழுப்பு இருந்தால் மெஷின் ஹீமோகுளோபினை உள்ளதைவிடக் கூட்டிக்கூடக் காட்டும் என்று சொல்லிவிட்டு, அவரே வார்டுக்குப் போன் போட்டார்.

அன்று ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் அதைக் கேட்டதும் டெஸ்ட் லிஸ்ட்டையே மாற்றினார். புதிதாக உண்டான சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட் அதிகம், அணுக்கள் உடைந்தால் ஏறும் எல்.டி.எச் அதிகம், சிவப்பணு உடைந்தால் இறங்கும் ஹாப்டோகுளோபின் குறைவு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிவப்பணுவைத் தாக்குகிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் டெஸ்ட் நெகட்டிவ். “ரத்தம் வெளிய போகலைம்மா, உள்ளேயே உடையுது” என்றார். அந்த ஒரு வரியில்தான் எங்களுக்கு எல்லாம் விளங்கியது. கடுமையான கல்லீரல் வீக்கத்துக்குச் சில சமயம் ஸ்டீராய்டு கொடுப்பார்கள், ஸீவ் சிண்ட்ரோமுக்கு அதனால் பெரிய பலன் இல்லை, அதனால் வேண்டாம் என்று முடிவெடுத்தார்.

இதற்கென்று தனி மருந்து கிடையாது. குடியை நிறுத்துவதுதான் வைத்தியம், கூட தயமின், ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின்கள், ஒழுங்கான சாப்பாடு, தேவைப்பட்டால் ரத்தம். நிறுத்துவது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன், அந்த இரவுகளை நினைத்தால் இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. கை நடுங்கி, வேர்த்துக்கொட்டி, படுக்கையெல்லாம் எறும்பு என்று தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்ததால் மாத்திரை கொடுத்துச் சமாளித்தார்கள். தினமும் நிறையக் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென்று நிறுத்தவே நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம், உயிரே போகலாம்.

கொழுப்புதான் முதலில் இறங்கியது, சில நாளிலேயே. இதை முக்கியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அட்மிட் ஆகிக் குடி நின்று கொஞ்ச நாள் கழித்து லிப்பிட் டெஸ்ட் எடுத்தால் எல்லாம் நார்மலாகக் காட்டி ஆளை ஏமாற்றிவிடும். காமாலையும் காரணம் தெரியாமல் ரத்தக் குறைவும் சேர்ந்திருந்தால், முதல் நாள் ரத்தத்திலேயே டிரைகிளிசரைடு என்ற கொழுப்பின் அளவும், மைக்ரோஸ்கோப்பில் ரத்த அணுக்களைப் பார்க்கும் ஸ்மியரும் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

ஹீமோகுளோபின் ஏற வாரக்கணக்கில் ஆனது, கண் வெளுக்க அதைவிட அதிகம். மறுபடி குடித்தால் மறுபடி வரலாம் என்று சொல்லித்தான் டிஸ்சார்ஜ் செய்தார்கள். அதனால் கல்லீரல் டாக்டரோடு மனநல டாக்டரையும் விடாமல் பார்க்கிறோம். எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14446-க்குப் போன் செய்யலாம், போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கான தேசிய உதவி எண் அது, இலவசம். போகும்போது பழைய ரிப்போர்ட் அத்தனையையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப்போங்கள்.