வீட்டில் அந்துப்பூச்சி: தேட வேண்டிய இடம்

மார்கழி மழை ஓய்ந்து பெரும்போக அறுவடை நெருங்கும் நாட்களில், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பல வீடுகளில் அந்துப்பூச்சித் தொல்லை தலைகாட்டும். மாலையில் குசினி விளக்கைப் போட்டதும் சாம்பல் நிறப் பூச்சிகள் சுவரோரமாகத் தத்தித் தத்திப் பறக்கும். கையில் அகப்படுவதை அடித்துக் கொல்வோம். பொறுமை இழந்தால் பூச்சிகொல்லியை அறை முழுதும் தெளிப்போம். இரண்டாலும் பெரிய பயன் கிடைப்பதில்லை. அரிசி அந்துப்பூச்சி வளர்ந்து சிறகு முளைத்த பின்னர் எதையும் தின்பதில்லை. எஞ்சிய சில நாட்களில் இணைசேர்ந்து முட்டையிடுவதே அதன் வேலை. பெண் பூச்சியொன்று நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது. நம் உணவைத் தின்று பாழாக்குவது முழுக்க முழுக்கப் புழுதான் என்பதால், அது எதைத் தின்று வளர்கிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் வேறெதைச் செய்தாலும் தொல்லை தீராது.

படுவான்கரை, சம்மாந்துறை போன்ற வயல் சூழ்ந்த பகுதிகளில் இருப்போர் அதற்கு முன் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். நெல்லின் தண்டுத்துளைப்பானும் ஓர் அந்துப்பூச்சியே. மஞ்சள் முன்சிறகுகள் ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி கொண்ட அதன் பெண் பூச்சிகள் வெளிச்சத்தை நாடி இரவில் வீட்டுக்குள் வந்து விழும். வயலுக்குப் பெரும் பகையானாலும் வீட்டுப் பொருள் எதையும் அது தொடாது. வெளி விளக்கை அணைத்தாலே வரவு குறைந்துவிடும். விளக்கைச் சுற்றாமல், பகலிலும் அரிசி வைத்த மூலையின் சுவரில் சிறகை ஒடுக்கி அசையாமல் ஒட்டியிருப்பதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அரிசிப் பாத்திரத்துக்குள் கையை நுழைத்து அடியிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். நல்ல அரிசி விரலிடுக்கால் வழிந்து ஓடும். புழு பிடித்த அரிசியோ ஐந்தாறு மணிகளாகக் கோத்துக்கொண்டு, மெல்லிய நூலில் தொங்கியபடி கையோடு மேலே வரும். அந்தக் கட்டியைப் பிரித்தால் உள்ளே பழுப்புத் தலையும் வெண்மையான உடலும் கொண்ட புழு நெளியும். தவிடு நீங்காத சிவப்புக் குத்தரிசியில் சத்தும் எண்ணெய்ப்பசையும் கூடுதலாக இருப்பதால் அதைப் புழு விரைவில் பற்றிக்கொள்கிறது. அரிசியோடு தேடல் நின்றுவிடக் கூடாது. குரக்கன்மா, ரவை, கச்சான், செத்தல் மிளகாய், வாய் திறந்தபடி கிடக்கும் சத்துமாப் பைக்கற் என ஒவ்வொன்றையும் கொட்டிப் பார்க்க வேண்டும். முற்றிய புழுக்கள் கூடுகட்ட இடம் தேடித் தானியத்தை விட்டு வெளியேறுவதும் உண்டு. மூடியின் உள்விளிம்பு, தட்டுகளின் இடுக்கு, சுவரும் கூரையும் சந்திக்கும் மூலை ஆகியவற்றில் வெண்ணிறக் கூடுகள் ஒட்டியிருந்தால் அவற்றைச் சுரண்டி எடுத்து எரித்துவிடுவதே நல்லது.

நூல் கட்டிய மாவை எறிந்துவிடலாம். அதைக் காப்பாற்ற முனைவது வீண். அரிசியைச் சுளகில் புடைத்து மீட்கலாம், ஆனால் முட்டை மிகச் சிறியது என்பதால் புடைத்தல் மட்டும் போதாது. குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் இடமிருந்தால், சிறு பைகளாகக் கட்டி, 0 பாகைக்குக் கீழே 18 பாகை செல்சியஸ் குளிரில் 4 நாட்களுக்குக் குறையாமல் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துவிடும். வெயில் எங்களுக்குத் தாராளமாகவே கிடைக்கிறது. படங்கை விரித்து மெல்லிய படையாகப் பரப்பினால் சூடு தாளாமல் புழுக்கள் ஊர்ந்து வெளியேறும். ஆயினும் குற்றிய அரிசியை உச்சி வெயிலில் நெடுநேரம் விட்டால் மணிகள் வெடித்துக் குறுநலாகிவிடும் என்பதால், அரிசிக்கு இளவெயிலும் நெல்லுக்கு நல்ல வெயிலும் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். நெல்லை மூடையாக வீட்டில் வைப்போர் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படாதபடி காயவைத்துத்தான் கட்ட வேண்டும். நெல்லைத் தாக்கும் அந்துப்பூச்சி வேறொரு வகை. அது வயலிலேயே கதிரில் முட்டையிட்டுவிடும். புழு மணிக்குள்ளேயே வளர்ந்து, வட்டமான ஒரு துளையை மட்டும் விட்டுப் பூச்சியாக வெளியேறும். நெல்லை அவிக்கும்போது மணிக்குள் இருக்கும் புழு ஆவிச் சூட்டில் இறந்துவிடுகிறது.

என் அம்மம்மா அரிசிப் பெட்டிக்குள் வேப்பிலை போட்டு வைப்பார். நானும் அதைக் கைவிடவில்லை. நன்றாக உலர்ந்த வேப்பிலை புதிதாக வரும் பூச்சியை ஓரளவு விலக்கும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவை அது கொல்லாது. பச்சை இலையைப் போட்டால் அதன் ஈரமே தானியத்தைக் கெடுக்கும். இறுக மூடும் கண்ணாடி அல்லது தகரப் பாத்திரத்தையே நான் பெரிதும் நம்புகிறேன். பழைய அரிசி முற்றாகத் தீர்ந்து, பாத்திரத்தைக் கழுவி உலர்த்திய பிறகே புதியதைக் கொட்ட வேண்டும்.

சுவரில் பூசணி விதை போன்று தட்டையாய், சாம்பல் நிறத்தில் ஊர்ந்து செல்லும் சிறு உறைகளைப் பலரும் கண்டிருப்பீர்கள். இரண்டு முனையிலும் வாய் திறந்திருக்கும் அந்த உறைக்குள் இருப்பதும் ஓர் அந்துப்பூச்சியின் புழுவே. மணலும் தூசியும் நூலும் சேர்த்து அது தன் உறையைக் கட்டிக்கொள்கிறது. சிலந்தி வலை, செத்த பூச்சிகள், உதிர்ந்த தலைமயிர் ஆகியவை அதன் உணவு. வாவியை ஒட்டிய ஈரக்காற்று அதற்கு மிகவும் உகந்தது. தும்புத்தடியால் ஒட்டடை அடித்து, கட்டிலுக்கும் அலுமாரிக்கும் பின்னால் கூட்டி வந்தாலே அது பட்டினியில் அற்றுப்போகும். மருந்து எதுவும் தேவையில்லை.

உடுபுடைவையில் அந்துப்புழு நாடுவது கம்பளியையும் பட்டையும்தான். மருதமுனைக் கைத்தறிப் பருத்திச் சேலையில் ஓட்டை கண்டால், கஞ்சிப் பசையைத் தின்னும் வெள்ளிமீன் பூச்சியையே முதலில் தேட வேண்டும். கூறைச் சேலையை வியர்வைக் கறையோடு மடித்து வைக்காமல், கச்சான் காற்று வீசும் காலத்தில் வெளியே எடுத்து நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி வைத்தால் போதும். நப்தலீன் உருண்டையை நான் வீட்டில் வைப்பதில்லை. ஜீ6பீடீ நொதியக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அந்த உருண்டையோடு வைத்த துணியைச் சுற்றினாலே செங்குருதிக் கலங்கள் சிதைந்து உயிராபத்து நேரலாம். குழந்தைக்கு அந்தக் குறைபாடு உண்டா என்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரிவதில்லை.

அதனினும் கொடியது, நெல் களஞ்சியங்களுக்கான அலுமினியம் பொஸ்பைட்டு மாத்திரையை வீட்டு அரிசி மூடைக்குள் போடுவது. காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பொஸ்பீன் வாயு வெளிவரும். மூடிய அறையில் உறங்குவோரைக் கொல்ல அது போதும், முறிமருந்தும் கிடையாது. பயிற்சி பெற்றோர் ஆளில்லாக் களஞ்சியத்தில் பயன்படுத்த வேண்டிய பொருள் அது. யார் கொடுத்தாலும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் துப்புரவாக்கிய பின்னும் ஒன்றிரண்டு பூச்சிகள் பறப்பதைக் கண்டு மனந்தளர வேண்டாம். எங்கள் வெப்பத்தில் முட்டை பூச்சியாவதற்கு ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் எடுப்பதால், இடுக்குகளில் தப்பியவை அதுவரை வெளிவந்துகொண்டிருக்கும். அந்தக் காலம் கடந்தும் குறையவில்லையென்றால் பார்க்காமல் விட்ட உணவு எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் அது குசினிக்கு வெளியே, விறாந்தை மூலையில் கிடக்கும் கோழித்தீன் சாக்காகவோ, கிளிக்கென்று வாங்கி மறந்துபோன தினைப் பையாகவோ இருக்கும்.