இறுதியாண்டு புராஜெக்டுக்கு விலை குறைந்த சிப்: தேர்ந்தெடுப்பதும் பயன்படுத்துவதும்

பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் படிக்கும் மாணவர்களில் பலர், புராஜெக்ட் தலைப்பு முடிவானதும் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடுக்குச் சென்று கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் போர்டை வாங்கிவிட்டு, அதற்குள் தங்கள் புராஜெக்டைப் பொருத்தப் பார்க்கிறார்கள். அங்கே தமிழ் பேசும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள், நல்ல யோசனையும் சொல்வார்கள். ஆனால் உங்கள் புராஜெக்டுக்கு எத்தனை பின் (சிப்பின் இணைப்புக் கால்) வேண்டும், எவ்வளவு நினைவகம் வேண்டும் என்பதை அவர்களால் சொல்ல முடியாது. அந்தக் கணக்கை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி முடித்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. தரைக்கடியில் இருக்கும் சம்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைத் தானாக இயக்கும் கருவியை என் இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்துக்கொண்டு, அதை சிஎச்32வி003 என்ற மிக மலிவான சிப்பில் செய்து முடித்தேன். அதில் கற்றுக்கொண்டவற்றை இப்போது தலைப்பு தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பின் கணக்கு. மேல்தொட்டியில் நீர்மட்டம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாருக்கு இரண்டு பின்கள், சிறிய ஓஎல்இடி திரைக்கு ஐ2சி (இரண்டு கம்பித் தொடர்பு முறை) வழியாக இரண்டு, மோட்டார் ரிலேக்கு (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று, பஸருக்கு ஒன்று, பொத்தான்களுக்கு இரண்டு, சம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும் கம்பிக்கு ஒன்று என ஒன்பது ஆயிற்று. புரோகிராம் ஏற்றுவதற்கான பின்னையும் சேர்த்தால் பத்து. இந்தச் சிப் 8, 16, 20 கால்கள் கொண்ட உறைகளில் கிடைக்கிறது. 8 கால் உறையில் உள்ளீடு வெளியீட்டுக்குப் பயன்படுபவை 6 மட்டுமே. 16 கால் உறையில் 14, 20 கால் உறையில் 18. ஆகவே எனக்கு 16 கால் உறை போதுமானதாக இருந்தது. அதன் கால்களுக்கு இடையிலான தூரம் 1.27 மில்லிமீட்டர் என்பதால் சாதாரண சால்டரிங் அயர்ன் கொண்டே பற்றவைக்கலாம். 20 கால் டிஎஸ்எஸ்ஓபி உறையில் அந்த இடைவெளி 0.65 மில்லிமீட்டர்தான், கை பழகாதவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. எந்த உறையானாலும், பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் பிரெட்போர்டில் நேராகச் செருக முடியாது, அடாப்டர் போர்டு ஒன்று வேண்டும் என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிஎச்340 என்ற யூஎஸ்பி சிப்பை விலை குறைந்த ஆர்டுயினோ போர்டுகளில் பார்த்திருப்பீர்கள். அதைத் தயாரிக்கும் டபிள்யூசிஎச் என்ற சீன நிறுவனத்தின் தயாரிப்புதான் இதுவும். ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றும் 32 பிட் கோர், 48 மெகாஹெர்ட்ஸ் வேகம், புரோகிராம் தங்கும் 16 கிலோபைட் ஃபிளாஷ், அது ஓடும்போது மாறிகள் இருக்கும் 2 கிலோபைட் ரேம், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் 10 பிட் ஏடிசி ஆகியவை இதற்குள் அடக்கம். மொத்தமாக வாங்கும்போது ஒரு சிப் 10 அமெரிக்க சென்ட் அளவில் கிடைக்கும் என்பதுதான் இதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆனால் ஒரே ஒரு கருவி செய்யும் மாணவருக்குச் சிப்பின் விலை பெரிய விஷயமே அல்ல. ஆர்டுயினோ யூனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் 32 கிலோபைட் ஃபிளாஷும் அதே 2 கிலோபைட் ரேமும் இருப்பதோடு, அமைப்புகளைச் சேமிக்க 1 கிலோபைட் ஈஈப்ராமும் இருக்கிறது. அவசரத்தில் இருப்பவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம். தொட்டி நிரம்பியதும் கைப்பேசிக்குச் செய்தி வர வேண்டுமென்றால், வைஃபை உள்ள ஈஎஸ்பி32 தவிர வேறெதையும் யோசிக்கத் தேவையில்லை. 264 கிலோபைட் ரேம் கொண்ட ராஸ்பெர்ரி பை பிகோ தாராளமானது. உண்மையைச் சொன்னால், என் புராஜெக்டுக்கு அந்தத் தாராளம் அவசியப்படவில்லை என்பதும், குறைந்த இடத்துக்குள் எழுதிப் பழக வேண்டும் என்ற ஆசையும்தான் இந்தச் சிப்பை எடுக்க வைத்தன.

இதற்குச் சாதகமாக அமைந்த இன்னொரு காரணம் மின்னழுத்தம். இந்தச் சிப் 3.3 வோல்ட்டிலும் ஓடும், 5 வோல்ட்டிலும் ஓடும். எச்சி-எஸ்ஆர்04 என்ற அல்ட்ராசோனிக் சென்சார் 5 வோல்ட்டில் இயங்கி, எதிரொலியைத் தெரிவிக்கும் எக்கோ பின்னில் 5 வோல்ட் சிக்னலையே தருகிறது. 3.3 வோல்ட் சிப்பாக இருந்தால் இடையில் இரண்டு ரெசிஸ்டர் போட்டு அதைக் குறைக்க வேண்டும். இங்கே நேராகவே இணைத்துவிடலாம். தொட்டிக்குள் ஈரம் படியும் என்பதால் நீர்புகாத ஜேஎஸ்என் வகை சென்சாரைத்தான் கடைசியில் பொருத்தினேன். அது சுமார் 20 முதல் 25 சென்டிமீட்டருக்கு உட்பட்ட தூரத்தை அளக்காது. ஆகவே நிரம்பிய நீர்மட்டத்துக்கு மேலே அந்த இடைவெளி இருக்கும்படி அதை உயர்த்தி மாட்ட வேண்டும்.

சென்சார் அனுப்பும் ஒலியின் எதிரொலி திரும்ப எடுக்கும் நேரத்தை மைக்ரோசெகண்டில் அளந்து 58-ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். இங்கேதான் சின்னச் சிப்பின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இதில் தசம எண்களுக்கான வன்பொருள் இல்லை. பெருக்கல், வகுத்தலுக்கான கட்டளைகள்கூட இல்லை. எல்லாவற்றையும், நாம் எழுதுவதைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் மென்பொருளாகவே செய்து கொடுக்கிறது. ஃபுளோட் (தசம எண்) மாறிகளைப் போட்டு, பிரிண்ட்எஃப்பில் தசமத்தோடு காட்டச் சொன்னால், அந்த நூலகங்களே 16 கிலோபைட்டில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். தூரத்தை முழு எண்ணாகவே வைத்துக்கொண்டால் போதும். தொட்டி நீரை மில்லிமீட்டர் கணக்கில் யாரும் கேட்கப்போவதில்லை. டைமரில் கடிகாரத்தை வகுத்து மெதுவாக்கும் பிரீஸ்கேலரில் 47 என்று வைத்தால் 48 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் 48-ஆல் வகுக்கப்பட்டு, ஒவ்வொரு எண்ணிக்கையும் ஒரு மைக்ரோசெகண்டாகிறது. ஏன் 48 அல்ல, 47 என்று வாய்மொழித் தேர்வான வைவாவில் கேட்பார்கள். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது என்ற பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

ரேம் கணக்கு இதைவிடச் சுவாரசியமானது. 128-க்கு 64 புள்ளிகள் கொண்ட ஓஎல்இடி திரையின் முழுப் படத்தையும் நினைவகத்தில் வைத்திருக்க, ஒரு புள்ளிக்கு ஒரு பிட் வீதம் 8,192 பிட்டுகள், அதாவது 1,024 பைட்டுகள் வேண்டும். இருப்பதே 2,048 பைட்டுகள். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான திரை நூலகங்கள் இந்த முழுப் படத்தையும் முதலிலேயே ஒதுக்கிக்கொள்கின்றன. மீதியில் ஸ்டாக்கும் (தற்காலிகத் தரவு அடுக்கப்படும் இடம்) மற்ற மாறிகளும் நெருக்கியடித்துக்கொள்ள, எங்கோ ஓரிடத்தில் ஸ்டாக் மாறிகளின் மேல் ஏறி, காரணமே புரியாமல் புரோகிராம் நின்றுவிடும். அந்தத் திரை எட்டு வரிப் பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, ஒரு பட்டைக்கு 128 பைட்டுகள். ஒரு பட்டையை மட்டும் நினைவகத்தில் உருவாக்கி அனுப்பிவிட்டு, அதே இடத்தில் அடுத்ததை உருவாக்கினால், எட்டில் ஒரு பங்கு இடத்திலேயே வேலை முடிந்துவிடும். நீர்மட்டத்தைக் காட்டும் ஒரு நீள்கட்டத்தையும் இரண்டு எண்களையும் வரைய இது தாராளமாகப் போதும். எந்தப் பாடப்புத்தகத்தை விடவும், கம்பைல் செய்து முடித்ததும், புரோகிராமின் பகுதிகளை ஒன்றிணைக்கும் லிங்கர் காட்டும் ரேம், ஃபிளாஷ் அளவுகளைத் தினமும் பார்க்கும் பழக்கம்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

மோட்டார் பக்கத்தில் கூடுதல் கவனம் தேவை. சிறிய 5 வோல்ட் ரிலேயின் சுருள் சுமார் 70 மில்லியாம்ப் எடுக்கும். அதைச் சிப்பின் பின் தாங்காது என்பதால் ஒரு டிரான்சிஸ்டர் வழியாக இயக்கி, சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு போட வேண்டும். ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து 1 எச்பி மோட்டாரை நேராக அதில் இணைத்துவிடாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் மின்னோட்டம் வழக்கமானதைப் போலப் பல மடங்கு. ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் தொட்டி வழிந்துகொண்டே இருக்கும். ரிலே, அதிக மின்னோட்டம் தாங்கும் பெரிய சுவிட்சான ஒரு கான்டாக்டரை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். 230 வோல்ட் இணைப்பை எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்தே செய்யுங்கள். சம்பில் இறக்கும் கம்பிகளுக்கு எப்போதும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தால் அவை அரித்துவிடும். அளக்கும் கணத்தில் மட்டும் ஒரு பின் வழியாகக் கொடுத்துவிட்டு அணைத்துவிடுவது நல்லது. அதற்காக என் கணக்கில் பதினோராவது பின் சேர்ந்தது. பின்களை எண்ணும்போது இரண்டு மூன்றை மிச்சம் வைக்கச் சொல்வது இதனால்தான்.

புரோகிராம் ஏற்ற டபிள்யூசிஎச்-லிங்க்இ என்ற கருவி வேண்டும். இறுதியில் ‘இ’ இல்லாத பழைய வகை இந்தச் சிப்புக்கு உதவாது என்பதால், வாங்கும்போது பெயரை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சிப்போடு பேச ஒரே கம்பி, பிடி1 என்ற பின். அந்தப் பின்னை உங்கள் புரோகிராமில் சாதாரண வெளியீடாக மாற்றிவிட்டால் அடுத்த முறை சிப் பதில் சொல்லாது. பயப்படத் தேவையில்லை, மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுக்கும் கணத்தில் ஃபிளாஷை அழிக்கும் வசதி அந்தக் கருவியிலேயே இருக்கிறது. 8 கால் உறையில் பிடி1 வேறு பின்களோடு ஒரே காலைப் பகிர்ந்துகொள்வதால், அங்கே இந்தச் சிக்கல் எளிதில் வரும்.

வைவாவைப் பொறுத்தவரை, ‘ஏன் இந்தச் சிப்?’ என்ற கேள்விக்கு ‘விலை குறைவு’ என்ற பதில் நிற்காது. மேலே சொன்ன பின் கணக்கையும் ரேம் கணக்கையும் ஒரு பக்கத்தில் அட்டவணையாக அறிக்கையில் சேர்த்துவிடுங்கள். டேட்டாஷீட், ரெஃபரன்ஸ் மேனுவல் என இரண்டு ஆவணங்கள் உண்டு: பின்களும் மின் அளவுகளும் முதலாவதில், சிப்பின் பாகங்களைக் கட்டுப்படுத்தும் ரெஜிஸ்டர்களின் ஒவ்வொரு பிட்டும் இரண்டாவதில். பலர் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். தேர்வாளரின் கேள்விகளோ பெரும்பாலும் இரண்டாவதிலிருந்து வருகின்றன. 2010-இல் பெர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவின் கட்டளைத் தொகுப்பு யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த ஒன்று, நம் சென்னை ஐஐடியின் சக்தி புராசஸர்களும் அதையே பின்பற்றுகின்றன என்பதைச் சொல்லலாம். ஆனால் கட்டளைத் தொகுப்பு திறந்தது என்பதால் இந்தச் சிப்பின் வடிவமைப்பும் திறந்தது என்று சொல்லிவிடாதீர்கள். அது அந்த நிறுவனத்துக்கே உரியது. இந்தச் சிப்பில் இருப்பது அந்தக் கட்டளைத் தொகுப்பின் சுருங்கிய வகை, கோருக்குள் 32-க்குப் பதில் 16 ரெஜிஸ்டர்கள் மட்டுமே கொண்டது என்பதைக் கூடவே சொன்னால், அடுத்த கேள்வி, ஓடும் வேலையை இடைமறிக்கும் இன்டரப்ட் வரும்போது எந்தெந்த ரெஜிஸ்டர்கள் சேமிக்கப்படுகின்றன என்பதாகத்தான் இருக்கும். அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டே உள்ளே செல்லுங்கள்.