ஆர்ஓ தண்ணீரும் 20 இறால்களும்

சென்னை கொளத்தூர் எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் இருபது நிமிடம். வண்ண மீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்தத் தெருக்களுக்குள் நான் போனதில்லை. போன நவம்பரில் நண்பன் வீட்டில் ஒரு தொட்டியைப் பார்த்தேன். மீனே இல்லை. நகம் அளவு சிவப்பு இறால்கள் பாசி மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் மாறி மாறி எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தன, பொரி தின்னும் குழந்தை மாதிரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரில் நின்றேன்.

இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத் தொட்டி. விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டர், சின்ன ஏர் பம்ப், ஒரு மூட்டை மணல், கைப்பிடி ஜாவா பாசி, 20 செர்ரி இறால். ஒரு இறால் 40 ரூபாய். அம்மா விலையைக் கேட்டுவிட்டு, “இந்தக் காசுக்கு எவ்ளோ சென்னாக்கூனி வாங்கலாம் தெரியுமா?” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடியவில்லை, இன்று வரைக்கும்.

“இன்னைக்கே விட்டுடலாம் சார், ஒண்ணும் ஆகாது” என்று கடையில் சொன்னதை அப்படியே நம்பினேன். நானோ சுத்தம் என்றால் பைத்தியம். மணலை ஏழெட்டு முறை கழுவினேன். கண்ணாடியைப் பளபளவென்று துடைத்தேன். தண்ணீருக்கு மட்டும் யோசித்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு; பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டும். இறாலுக்கு ஆர்ஓ தண்ணீர்தான் நல்லது என்று ஒரு வீடியோவில் கேட்டிருந்தேன். சமையலறை ஃபில்டரிலிருந்து குடம் குடமாகப் பிடித்துத் தொட்டியை நிரப்பினேன். நாங்கள் குடிக்கும் தண்ணீரையே அவற்றுக்கும் கொடுப்பதில் ஒரு பெருமைகூட இருந்தது.

மறுநாள் காலை மூன்று செத்துக் கிடந்தன. நான்காம் நாள் ஆறு. பன்னிரண்டாம் நாள் கடைசி இறாலும் போனது.

செத்தவற்றில் பலவற்றின் கழுத்தருகே, தலை ஓடும் உடலும் சேரும் இடத்தில், சுற்றிலும் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அதை வைத்துத் தேடிப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இறால் வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றிப் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். புது ஓடு உறுதியாக அமையத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் இருக்க வேண்டும். ஆர்ஓ இயந்திரம் அதைத்தான் முதலில் வடிகட்டி எறிகிறது. ஓடு முதுகுப் பக்கம் திறந்து, இறால் அதிலிருந்து துள்ளி வெளியே வருவதுதான் முறை. என் தொட்டியில் ஓடு சுற்றிலும் விண்டு, பாதியில் மாட்டிக்கொண்டு செத்திருக்கின்றன. அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஆர்ஓ தண்ணீர் என்று சொன்னவர், அடுத்த வாக்கியத்திலேயே அதில் கலக்க வேண்டிய தாது உப்பைப் பற்றியும் சொல்லியிருந்தார். நான்தான் பாதி கேட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

சரி, அது ஒரு காரணம். இன்னொன்று அமோனியா. புதுத் தொட்டியில் கழிவிலிருந்தும் அழுகும் தீனியிலிருந்தும் வரும் அமோனியாவைக் கையாள பாக்டீரியா இல்லை. ஒரு வகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் அளவோடு இருந்தால் தாங்கும். இந்தப் பாக்டீரியாக்கள் மணலிலும் ஸ்பாஞ்சிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நான் கொடுத்தது ஒரு மாலை நேரம்.

இரண்டாவது முறை ஒரு டிடிஎஸ் மீட்டரும் சொட்டு மருந்து வகைச் சோதனைக் கிட்டுகளும் வாங்கினேன். போர் தண்ணீர் 1,100 காட்டியது, ஆர்ஓ 45. டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் எல்லாவற்றின் கூட்டுத்தொகை. அதில் கால்சியம் எவ்வளவு, சாதா உப்பு எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு ஜிஎச் என்னும் கடினத்தன்மையைத் தனியாகப் பார்க்க வேண்டும். சோதனைக் குழாயில் தண்ணீர் நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக எண்ண வேண்டும்; எத்தனை சொட்டோ அதுதான் ஜிஎச். எங்கள் போர் தண்ணீருக்கு 30 சொட்டு விட்டேன், பாட்டிலே தீர்ந்துவிடுமோ என்று பயந்துகொண்டே. செர்ரி இறாலுக்கு 6 முதல் 8 வரை போதும். ஒரு பங்கு போர், நான்கு பங்கு ஆர்ஓ கலந்தேன். டிடிஎஸ் 256, ஜிஎச் 7. பாத்திரத்தைக் கெடுக்கிறது என்று திட்டிக்கொண்டிருந்த தண்ணீர்தான் மருந்தாக இருந்தது.

அப்புறம் காத்திருப்பு. தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைக் காலித் தொட்டியில் போட்டு அழுக விட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் “மீன் எங்கே?” என்றார்கள். முதல் வாரக் கடைசியில் அமோனியாச் சோதனை பச்சையானது. மூன்றாம் வாரம் நைட்ரைட் கத்தரிப்பூ நிறம். ஐந்தாம் வாரம் இரண்டும் பூஜ்ஜியம். சந்தேகத்தில் மறுநாளும் பார்த்தேன், அதற்கடுத்த நாளும் பார்த்தேன். பாதித் தண்ணீரை மாற்றினேன்.

இதற்குள் கண்ணாடியில் பழுப்பாக ஒரு படலம் கட்டியிருந்தது. அம்மா ஸ்கிரப்பரோடு வந்துவிட்டார். கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியிருந்தது. அந்த வழவழப்புதான் இறாலுக்கு முழுநேரச் சாப்பாடு. குட்டிகளுக்கு அதைவிட்டால் வேறு வழியே இல்லை. பளபளக்கும் தொட்டி என்றால் பட்டினித் தொட்டி. இதை ஏற்றுக்கொள்ள அம்மாவைவிட எனக்குத்தான் அதிக நாள் பிடித்தது. முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைப்பது என்று இருவரும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். தெருமுனைப் பாதாம் மரத்தடியில் உதிர்ந்து காய்ந்த இலை நான்கைப் பொறுக்கி வந்து, அலசிக் கொதிக்கவைத்துப் போட்டேன். நாட்டு வாதுமை என்று புத்தகத்தில் போட்டிருக்கும் அதே மரம். தண்ணீர் பால் ஊற்றாத டீ நிறத்துக்கு வந்தது. இப்போது இறால்கள் அந்த இலைகளை நரம்பு மட்டும் மிஞ்சும்வரை அரித்துத் தின்கின்றன.

ஜனவரிக் கடைசியில் 15 இறால் வாங்கினேன், எல்லாம் சிவப்பு. நீலமும் மஞ்சளும் சேர்த்து வாங்க ஆசைதான். ஆனால் எல்லாம் ஒரே இனம், நியோகாரிடினா டேவிடி; கலந்து குட்டி போட்டால் சில தலைமுறையில் காட்டு இறாலின் மங்கிய பழுப்புக்கே திரும்பிவிடும். பையிலிருந்து நேராகக் கொட்டவில்லை. வாளியில் விட்டு, ஏர் பைப்பில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை நொடிக்கு இரண்டு சொட்டு விழவைத்தேன். மூன்று மணி நேரம் ஆனது. தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பாசியடியில் ஒரு இறால் ஆடாமல் அசையாமல் கிடந்தது. மனசு விட்டுப்போனது. எடுத்துப் பார்த்தால் வெறும் ஓடு! மீசை வரை அச்சு அசலாக, கண்ணாடிப் பொம்மை போல. முழுசாகக் கழன்றிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “தூர போடு” என்றார். திரும்ப உள்ளே போட்டேன். அதையும் அவை தின்னும்.

அதன்பின் இரண்டு ஆபத்துகள். ஒரு இரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது, புதிதாக வாங்கிப் போட்ட வேலம்பாசியில் குச்சி போல ஒரு பூச்சி, வாலில் மூன்று இறகு. ஊசித்தட்டானின் இளம்பருவம். செடியோடு முட்டையாக வந்திருக்கிறது. அது இறாலைப் பிடித்துத் தின்னும் ஜாதி. இடுக்கியால் எடுத்துவிட்டேன், ஆனால் எண்ணிப் பார்த்ததில் இரண்டு குறைந்தது. இனி எந்தச் செடியும் இரண்டு வாரம் தனி வாளியில் கிடந்துவிட்டுத்தான் உள்ளே போகும்.

இன்னொன்று கொசுவர்த்தி லிக்விட். அந்த மருந்துகள் பூச்சியைக் கொல்லத் தயாரித்தவை. இறாலும் ஒருவகையில் பூச்சிக்கு உறவுதான். இதில் நான் யோசிக்காதது ஏர் பம்ப். அறைக் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் செலுத்துவதே அதன் வேலை. ஒரு ராத்திரி லிக்விட் எரிந்தது. காலையில் சில இறால்கள் மல்லாந்து காலை உதறிக்கொண்டிருந்தன. பம்ப்பை ஜன்னலுக்கு வெளியே வைத்து, கால்வாசித் தண்ணீரை மெதுவாக மாற்றினேன். ஒன்றுதான் செத்தது. இப்போது அந்த அறையில் கொசுவலை.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு பெண் இறாலின் வாலடியில் மஞ்சள் முட்டைகள், இருபதுக்கு மேல். ஓயாமல் கால்களால் விசிறிக்கொண்டே இருந்தது. மூன்றரை வாரம் கழித்து ஒரு காலை முட்டைகளைக் காணோம். தின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பின்பக்கக் கண்ணாடியில், துடைக்காமல் விட்ட அந்தப் படலத்தின் மேல், ஒரு மில்லிமீட்டரோ இரண்டோ இருக்கும், ஒரு புள்ளி நகர்ந்தது. குட்டி. முழு இறாலின் வடிவத்திலேயே, மீசையோடு. பதினொன்று வரை எண்ணினேன், அப்புறம் கண் பூத்துவிட்டது.

மே மாதம் தண்ணீர் 31 டிகிரிக்குப் போனது. இவை 26க்குள் இருக்கப் பிரியப்படுபவை. மேல்மூடியை எடுத்துவிட்டு டேபிள் ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் ஓடவிட்டேன். 28க்கு இறங்கியது, புழுக்கமான நாட்களில் ஒரு டிகிரிகூட இறங்கவில்லை. தினமும் ஒன்றரை லிட்டர் ஆவியாகும். தண்ணீர் போகும், உப்பு தங்கிவிடும். அதனால் குறைந்ததை ஈடுகட்டக் கலந்த தண்ணீரை ஊற்றக் கூடாது, வெறும் ஆர்ஓதான். முதல் 20ஐக் கொன்ற அதே குடம் இப்போது தினமும் தொட்டிக்கு வருகிறது.

போன வாரம் எதிர் வீட்டுப் பையன் பத்து இறால் கேட்டான். ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொடுத்து, “முதல்ல இதை ஊத்து, நைட்ரைட் இறங்கட்டும், அப்புறம் வா” என்று அனுப்பினேன். தண்ணீரை அளக்க மீட்டரையும் கொடுத்தேன். அவர்கள் வீட்டில் மெட்ரோ வாட்டர். மாலையில் வந்து, “340 காட்டுது அங்கிள், எத்தனை பங்கு கலக்கணும்?” என்றான். குளோரினை நீக்கும் மருந்து மட்டும் போட்டால் போதும், ஒன்றும் கலக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. கொஞ்சம் வயிறு எரிந்தது.