எலியின் முதுகும் மனிதனின் பாதமும்: கிருமி எதிர்ப்பு ஹைட்ரோஜெல் கட்டுகள்

காயம் காற்றுப்பட உலர்ந்து பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்ற எண்ணம் வீடுகளில் மட்டுமன்றி மருத்துவமனைகளிலும் நெடுங்காலம் நிலவியது. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் இளம் பன்றிகளின் தோலில் ஆழமற்ற காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்தும் சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடியும் வைத்துப் பார்த்தபோது, மூடப்பட்டு ஈரமாக இருந்தவற்றில் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. ஹைட்ரோஜெல் கட்டுகளுக்கான அடிப்படை இதுதான். நீரைத் தன்னுள் தேக்கி வைக்கும் பாலிமர் வலையான இப்பொருளை மருத்துவத்திற்கு ஏற்றதாக செக் வேதியியலாளர்கள் ஓட்டோ விக்டர்லேயும் டிராஹோஸ்லாவ் லிமும் 1960-இலேயே முன்வைத்திருந்தனர். மென்மையான கான்டாக்ட் லென்ஸும் அதே ஆய்வின் வழி வந்ததே.

ஈரம் தோல் செல்களுக்கு உகந்ததைப் போலவே பாக்டீரியாவுக்கும் உகந்தது என்பதால்தான் ஜெல்லுக்குள் கிருமிக்கொல்லியைச் சேர்க்கும் முயற்சி தொடங்கியது. வெள்ளி அயனிகள் அவற்றில் புகழ்பெற்றவை. எனக்கு அதைவிடச் சுவையானது கைட்டோசன். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் இது, அமிலத்தன்மை சற்றே உள்ள சூழலில் நேர்மின் தன்மை பெற்று, எதிர்மின் தன்மை கொண்ட பாக்டீரியாவின் மேலுறையைப் பற்றிக் குலைக்கிறது. வலைப்பொருளே மருந்தாகவும் அமைந்துவிடுகிறது. ஆனால் நாட்பட்ட புண்ணில் பாக்டீரியாக்கள் தனித்தனியாக மிதப்பதில்லை. தாமே சுரக்கும் பிசினுக்குள் கூட்டமாகப் புதைந்து பயோஃபிலிம் எனும் படலமாக இருக்கின்றன. அந்தப் படலத்தையும் இறந்த திசுவையும் சுரண்டி நீக்காமல் மேலே எந்த ஜெல்லைப் பூசினாலும் பெரும் பயனில்லை.

இத்துறையின் ஆய்வுக் கட்டுரைகளில் நான் முதலில் தேடுவது, காயம் எந்த விலங்கில் உண்டாக்கப்பட்டது என்பதையே. எலியின் தளர்ந்த தோலுக்கு அடியில் மெல்லிய தசைப்படலம் ஒன்று இருப்பதால், அதன் காயம் பெருமளவு சுருங்கியே மூடிக்கொள்கிறது. மனிதத் தோலிலோ புதுத்திசு வளர்ந்து நிரம்புவதற்கும் மேல்தோல் படர்வதற்குமே முதன்மைப் பங்கு. காயத்தின் விளிம்பில் வளையம் ஒட்டித் தைத்து அச்சுருக்கத்தைத் தடுக்கும் முறை இருந்தும், பலர் அதைச் செய்யாமலேயே அழகிய படங்களை அச்சிடுகிறார்கள். மேலும், எலியின் முதுகில் முந்தைய நாள் வெட்டிக் கிருமி தடவிய காயம், ரத்த ஓட்டம் குன்றி, உணர்ச்சி மரத்து, உடலின் எடையைத் தாங்கும் நீரிழிவு நோயாளியின் பாதப் புண்ணுக்கு எப்படி ஈடாகும்?

நீரிழிவுப் பாதத்திற்கான சர்வதேசப் பணிக்குழு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புண் ஆறுவதற்காக மட்டும் கிருமி எதிர்ப்புக் கட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. இதைக் கண்டிப்பு என்று சிலர் கருதலாம். சான்றுகளின் தரத்தைப் பார்த்தால் எனக்கு நியாயமாகவே படுகிறது. பாதத்தின் மீதான அழுத்தத்தைக் குறைப்பதும், ரத்த ஓட்டத்தைச் சரிசெய்வதும், தொற்று பரவினால் உடலுக்குள் ஆன்டிபயாடிக் செலுத்துவதும் முதலில் நடக்க வேண்டியவை.

ஜெல்லுக்கு ஏற்ற இடம் இல்லாமலில்லை. உலர்ந்து இறந்த திசு ஒட்டிக்கிடக்கும் புண்ணில் அது நீர் கொடுத்து அத்திசுவை இளகச் செய்கிறது. தீக்காயத்தில் எரிச்சலைத் தணிக்கிறது. கட்டை மாற்றும்போது புதுத்திசுவோடு ஒட்டிப் பிய்வதில்லை. நீர் மிகுதியாக வடியும் புண்ணில் வைத்தால் மட்டும் சுற்றியுள்ள தோல் ஊறி வெளுத்துப்போகும். அங்கே நீரை உறிஞ்சும் ஃபோம் அல்லது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் ஆல்ஜினேட் கட்டே பொருத்தமானது.