ஜுஹு: சேறும் தபாலும் ஒரு குட்டை ஓடுதளமும்

பம்பாயின் ஜுஹு விமானத்தளத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஜே.ஆர்.டி. டாடாவில் தொடங்குவார்கள். எனக்குச் சேற்றில் தொடங்கத்தான் தோன்றுகிறது. அந்த இடத்தில் எந்த விமானம் இறங்கலாம், எந்த மாதத்தில் இறங்கலாம், எப்போது மூட்டை கட்ட வேண்டும் என்பதையெல்லாம் விமானிகளைவிட அந்த மண்தான் அதிகம் முடிவு செய்திருக்கிறது.

1928-ல் இந்தியாவின் முதல் பொதுமக்கள் விமானத்தளமாக ஜுஹு உருவானபோது அது கடலோரத்துச் சதுப்பு நிலம். உப்பேறிய கடல் களிமண்ணுக்கு ஒரு குணம் உண்டு. வெயில் காலத்தில் மேல்தோல் காய்ந்து இறுகி, சைக்கிள்கூட ஓட்டலாம் என்று தோன்றும். அரை அடிக்குக் கீழே அது காய்வதே இல்லை. முதல் நல்ல மழையில் மேல்தோல் கரைந்துவிடும், பிறகு நடக்கிறவன் செருப்பே வெளியே வராது. இதில் மழைநீர் வடிகிற வேகத்தையும் கடல்தான் தீர்மானிக்கிறது. ஓதம், அதாவது கடலின் நீர்மட்டம், ஏறியிருக்கும் நேரத்தில் பெரிய மழை பிடித்தால், வடிகாலில் தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் உள்ளே வரப் பார்க்கும்.

இப்படிப்பட்ட இடத்தில் ஏன் விமானத்தளம் அமைத்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் அன்றைய விமானங்களிடம் இருக்கிறது. 'மாத்' என்ற வகைச் சிறு விமானங்களுக்கு வால்புறத்தில் சக்கரம் கிடையாது, தரையில் உரசிக்கொண்டு வரும் ஒரு இரும்புக் கால்தான். பல விமானங்களில் அதுதான் பிரேக். புல்லும் மண்ணும் உள்ள தரையில் அந்தக் கால் லேசாக உழுதுகொண்டே வேகத்தைக் குறைக்கும். கான்கிரீட்டில் அது வழுக்கும், தேயும், விமானம் நேராகவும் நிற்காது. அதனால் அன்று தேவைப்பட்டது நீண்ட ஓடுதளம் அல்ல, எல்லாத் திசையிலும் ஓரளவு நீளமுள்ள திறந்த மைதானம். காற்றின் திசை காட்டக் கம்பத்தில் கட்டிய காற்றுப்பை எந்தப் பக்கம் ஊதியிருக்கிறதோ அதற்கு எதிர்த்திசையில் வந்து இறங்க வேண்டியதுதான். எடை குறைந்த விமானத்தைப் பக்கக்காற்று எளிதில் புரட்டிவிடும் என்பதால், திசையைத் தேர்ந்தெடுக்கும் வசதி நீளத்தைவிடப் பெரியது. கடலோரத்தில் மரமும் மலையும் இல்லாத சமதளம் கிடைத்தது, கடற்காற்றும் பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்து வீசியது. வறண்ட எட்டு மாதங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

தபால் கதை இங்கேதான் நுழைகிறது. பிரிட்டனின் விமான நிறுவனமான இம்பீரியல் ஏர்வேஸ் 1929-ல் லண்டனிலிருந்து கராச்சி வரை வந்துவிட்டது. அங்கிருந்து தெற்கே தபால் ரயிலில் ஊர்ந்தது. நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் ராயல் ஏர் ஃபோர்ஸ் விமானி, கராச்சியில் தபாலை வாங்கி விமானத்திலேயே பம்பாய்க்கும் மதராஸுக்கும் கொண்டுபோகலாம் என்ற யோசனையோடு ஜே.ஆர்.டி.யிடம் போனார். டாடா நிறுவனம் ஒதுக்கிய முதலீடு இரண்டு லட்சம் ரூபாய். அரசு மானியம் தர மறுத்தது. சுமக்கிற தபாலுக்கு ஏற்ற கூலி மட்டும்தான் என்று ஒப்பந்தம். கையெழுத்தாகவே 1932 ஆகிவிட்டது.

1932 அக்டோபர் 15 காலையில் ஜே.ஆர்.டி. கராச்சியின் டிரிக் ரோடு தளத்திலிருந்து ஒரு புஸ் மாத் விமானத்தில் கிளம்பி, அகமதாபாதில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு, பிற்பகலில் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் தபாலை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாக மதராஸுக்குப் பறந்தார். முதல் நாள் தபாலின் எடை சுமார் 25 கிலோ.

அந்த 25 கிலோவை அளந்து பார்க்க நல்ல அளவுகோல் பெட்ரோல் டின். அகமதாபாதில் எரிபொருள் வந்தது மாட்டுவண்டியில், நாலு காலன் டின்களில். ஒரு டின்னில் சுமார் 18 லிட்டர், அதாவது 13 கிலோ பெட்ரோல். ஆக, வரலாற்றுச் சிறப்புமிக்க அந்தத் தபால் முழுவதும் இரண்டு டின் பெட்ரோலின் எடைதான். புஸ் மாத்தின் 120 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு ஏறக்குறைய 25 முதல் 30 லிட்டர் குடிக்கும். அரை நாள் பறந்தால் தபாலின் எடையைப்போலப் பல மடங்கு பெட்ரோல் எரிந்திருக்கும். மானியம் இல்லாத தபால் சேவை என்றால் என்ன என்பது இந்தக் கணக்கைப் போட்டால் விளங்கும்.

டின்னிலிருந்து ஊற்றுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. புனலுக்குள் பதப்படுத்திய மெல்லிய தோல் ஒன்றை விரித்து, அதன் வழியாகத்தான் ஊற்ற வேண்டும். வண்டியில் வரும் டின்னில் துரு இருக்கும். இரவுக் குளிரில் டின்னின் உட்சுவரில் வியர்த்த தண்ணீரும் அடியில் தங்கியிருக்கும். அந்தத் தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. ஆனால் முதலில் அதைப் பெட்ரோலில் நனைத்திருக்க வேண்டும். ஈரத்தோலை அப்படியே விரித்துவிட்டால் தண்ணீர் கசிந்து உள்ளே போகும். தொட்டியின் அடியில் தங்கும் தண்ணீர் கார்புரேட்டரின் நுண்துளைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் கிளம்பி மேலேறும் நேரத்தில்தான். எஞ்சின் நிற்க அதைவிட மோசமான இடம் கிடையாது.

எஞ்சினைக் கிளப்புவதும் கைவேலைதான். சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைத்துவிட்டு, சுவிட்ச் 'ஆஃப்' என்பதை உள்ளே இருப்பவரிடம் சத்தமாகக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். பெட்ரோல் குழாயைத் திறந்து, கார்புரேட்டரின் சின்னக் குமிழை அழுத்தி, சொட்டும் வரை நிரப்ப வேண்டும். பிறகு மூக்கில் உள்ள விசிறியை (புரொப்பெல்லரை) கையால் மெதுவாகச் சில சுற்று திருப்ப வேண்டும். புஸ் மாத்தில் இருந்த ஜிப்ஸி எஞ்சினுக்கு இந்தச் சுற்றல் இரண்டு மடங்கு முக்கியம், ஏனென்றால் அது தலைகீழ் எஞ்சின். நாலு சிலிண்டர்களும் கீழ்நோக்கித் தொங்கும். அப்படி வைத்ததால் விமானியின் கண்ணுக்கு முன்னால் மறைப்பு குறைவு. ஆனால் இரவு முழுக்க நிற்கும்போது எண்ணெய் கசிந்து சிலிண்டர் தலையில் தேங்கும். எண்ணெய் அமுங்காது. தேங்கியது தெரியாமல் வேகமாக முடுக்கினால் உள்ளே ஏதாவது ஒன்று வளையும் அல்லது உடையும். கையால் திருப்பும்போது ஒரு இடத்தில் இறுகி நின்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். எல்லாம் சரி என்றால் 'கான்டாக்ட்', சுவிட்ச் 'ஆன்', ஒரே இழுப்பு. இழுத்த கையோடு உடலும் பின்னால் விலகிவிட வேண்டும். முன்னால் சாய்ந்து இழுக்கிறவருக்கு இந்தத் தொழில் நீடிக்காது.

இறங்குவதுதான் ஜுஹுவின் பரீட்சை. புஸ் மாத்துக்கு இறக்கையில் ஃபிளாப், அதாவது இறங்கும்போது கீழே மடக்கும் பலகை, கிடையாது. ஒழுங்கான உடலமைப்பு உள்ள விமானம் என்பதால் எஞ்சினைக் குறைத்தாலும் அது இறங்க மனமில்லாமல் மிதந்துகொண்டே போகும். இதற்கு அதைக் கட்டிய டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் பொறியாளர்கள் செய்த உபாயம் எனக்கு இன்றும் பிடித்தது: சக்கரக் காலின் அதிர்வுத்தாங்கியை மூடியிருக்கும் பட்டையான உறையை விமானி உள்ளிருந்தபடியே 90 பாகை திருப்பலாம். மெல்லிய விளிம்பு காட்டிக்கொண்டிருந்த உறை, அகலப் பக்கத்தைக் காற்றுக்குக் காட்டும். உடனே வேகம் குறையும், சரிவு செங்குத்தாகும். தனி உறுப்பு எதுவும் சேர்க்காமல் கிடைத்த காற்று பிரேக்.

தரை தொட்ட பிறகு விமானியின் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. சக்கரம் ஈரமான களிமண்ணில் பதிந்தால் விமானத்தின் மேல்பகுதி தன் வேகத்தில் போகப் பார்க்கும். வால் எழும்பும், மூக்கு குத்தும், விசிறி தரையில் அடித்து உடையும். விசிறி உடைந்தது கண்ணுக்குத் தெரியும், மாற்றிவிடலாம். ஓடும் எஞ்சின் சட்டென நின்றதில் கிராங்க் தண்டில் (விசிறியைச் சுழற்றும் தண்டில்) விழுந்த விரிசல்தான் தெரியாது. அதற்காக எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் பழைய புஸ் மாத்துகள் இரண்டையும் ஓலைக்கூரைக் கொட்டகை ஒன்றையும் வைத்து நடந்த சேவைக்கு இப்படி ஒரு குத்தல் என்றால், இருந்த விமானங்களில் பாதி போன மாதிரி.

அதனால்தான் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் விமானங்கள், விமானிகள், மெக்கானிக்குகள் என்று முழு நிறுவனமும் புனேயின் எரவாடாவுக்குக் குடிபெயர்ந்தது. மலைக்குப் பின்னால் மழை மறைவில் உள்ள ஊர் என்பதால் பம்பாயில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்குதான் அங்கே பெய்யும். ஆனால் தரை கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 560 மீட்டர். காற்று அடர்த்தி குறைவு, கிளம்ப ஓட வேண்டிய தூரம் அதிகம், ஏறும் வேகம் குறைவு. மேற்கிலிருந்து வரும்போது மேகம் மூடிய மலைத்தொடரையும் தாண்டியாக வேண்டும். சேற்றுக்குப் பயந்து மேகத்தோடு மல்லுக்கட்டிய ஏற்பாடு அது. சேறு நிச்சயமான ஆபத்து, மேகம் சில நாள் ஆபத்து. சரியான தேர்வுதான்.

பெல்லாரியை இடைத்தளமாகத் தேர்ந்தெடுத்ததும் தற்செயல் அல்ல. பம்பாயிலிருந்து மதராஸுக்கு வரைபடத்தில் அடிக்கோலை வைத்துக் கோடு போட்டால் பெல்லாரி ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே விழும். பம்பாயிலிருந்து சுமார் 610 கிலோமீட்டர், அங்கிருந்து மதராஸுக்கு சுமார் 430. அன்று அது மதராஸ் மாகாணத்து மாவட்டமும்கூட. கோடு நேராக இருந்தால் மட்டும் போதுமா? விமானத்தில் ரேடியோ இல்லை, தரையில் வழிகாட்டி விளக்கும் இல்லை. திசைகாட்டி, கடிகாரம், வரைபடம், சன்னல் இவ்வளவுதான். மணிக்கு 160 கிலோமீட்டரில் போகும் விமானத்தை 16 கிலோமீட்டர் பக்கக்காற்று தள்ளினால், பெல்லாரி வரவேண்டிய நேரத்தில் 60 கிலோமீட்டர் தள்ளி எங்கோ இருப்பீர்கள். அதனால் ஆற்றையும் ரயில் பாதையையும் தாண்டும்போதெல்லாம் நேரத்தைக் குறித்து, கோட்டிலிருந்து எவ்வளவு விலகினோம் என்று கணக்குப் பார்த்து, திசையைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். விமானிகளிடையே ஒரு எளிய சூத்திரம் உண்டு: 60 மைல் போனபின் ஒரு மைல் விலகியிருந்தால் பிழை ஒரு பாகை. கிருஷ்ணை, துங்கபத்திரை, கடைசியில் சமவெளியில் தனியாக நிற்கும் பெல்லாரிக் கோட்டைப் பாறை. அந்தப் பாறை கண்ணில் பட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

மதராஸ் பக்கம் வேறு தொல்லை. ஜுஹு காயத் தொடங்கும் அக்டோபரில்தான் இங்கே வடகிழக்குப் பருவமழை பிடிக்கும். வழித்தடத்தின் ஒரு முனை காய்ந்தால் மறுமுனை நனையும். வருடத்தில் முழுக்க நிம்மதியான மாதங்கள் நாலைந்துதான்.

மலைத்தொடருக்கு மேல் உள்ள கொந்தளிப்பான காற்றும் சாதாரண விஷயமில்லை. உலகின் பல இடங்களில் புஸ் மாத் விமானங்கள் இறக்கை முறிந்து விழுந்த காலம் அது. இறக்கையைத் தாங்கும் கோல்களுக்கு ஒரு சின்ன துணைக்கோல் சேர்த்த பிறகுதான் அந்தச் சிக்கல் அடங்கியது. இவ்வளவுக்கும் நடுவில், டாடா சேவை முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்து அறுபதாயிரம் மைல் பறந்து, அறுபதாயிரம் ரூபாய் லாபமும் காட்டியது.

ஜுஹுவின் முடிவையும் தபால்தான் எழுதியது. 1938-ல் பிரிட்டிஷ் பேரரசு முழுவதற்குமான விமானத் தபால் திட்டம் இந்தியாவுக்கு வந்ததும் கடிதங்களின் எடை பெருகியது. தனி விமானி ஓட்டும் சிறு விமானங்கள் போதவில்லை. பெரிய விமானம் என்றால் கனமான சக்கரம், அதிக இறங்கு வேகம், நீண்ட கெட்டித்தளம். ஜுஹுவில் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கங்களில் வளரும் ஊர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் பயணிகள் போக்குவரத்து சில கிலோமீட்டர் கிழக்கே உள்ள சாந்தாகுரூஸுக்குப் போய்விட்டது.

போனபிறகும் ஜுஹு குறைந்தது இரண்டு முறை பெரிய விமானங்களை அழையாமலே வரவேற்றது. இரண்டு தளங்களின் ஓடுபாதை எண்களைப் பார்த்தால் காரணம் புரியும். திசைகாட்டி காட்டும் பாகையை அருகிலுள்ள பத்துக்கு மாற்றி, கடைசி இலக்கத்தை விட்டுவிட்டால் வருவதுதான் ஓடுதள எண். ஜுஹுவில் 08, சாந்தாகுரூஸில் 09. வித்தியாசம் வெறும் பத்துப் பாகை அளவுதான். மேற்கே கடலிலிருந்து வருகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது ஜுஹு, அதையே சாந்தாகுரூஸ் என்று நினைத்து இறங்கிவிடலாம். அதன் நீளமோ 1,143 மீட்டர். 1953 ஜூலை 15 அன்று பிரிட்டிஷ் விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யின் காமெட் ஜெட் அதில் இறங்கி நின்றே விட்டது. எடையை இறக்கி, சில நாள் கழித்துத்தான் வெளியே பறக்க முடிந்தது. 1972 செப்டம்பர் 24 அன்று வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் டி.சி.-8க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தளம் தீர்ந்தும் நிற்காமல் ஓடி, மறுபடி பறக்கவே முடியாதபடி சேதமானது. நல்லவேளை, உயிரிழப்பு இல்லை.

இன்று ஜுஹுவில் பெரும்பாலும் ஹெலிகாப்டர்கள். மேற்கே கடலுக்குள் இருக்கும் பாம்பே ஹை எண்ணெய் மேடைகளுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்வருகின்றன. அவற்றுக்கு ஓடுதளத்தின் நீளம் ஒரு பொருட்டே இல்லை. ஜூலை மழையில் ஓதம் ஏறும் நேரத்தைப் பார்த்து வடிகாலைக் கவனிக்கும் வேலை மட்டும் அங்கே இன்னும் தீரவில்லை.