சிங்கத்தின் வாயில் கை வைத்தவள்

குறி பார்க்கிற டாரோ சீட்டுக் கட்டில் ஸ்ட்ரென்த் (வலிமை) கார்டு அளவுக்கு அவசரமாகப் படித்துத் தள்ளப்படுகிற கார்டு வேறு இருக்குமா, சந்தேகம்தான். டெத் (மரணம்), டவர் (கோபுரம்) என்று பயமுறுத்துகிற கார்டு ஏதாவது விழுந்தால் எதிரே இருப்பவர் முகம் வெளுத்துவிடும், அதனால் ரீடிங் செய்கிறவர் நிதானமாக உட்கார்ந்து விளக்குவார். ஸ்ட்ரென்த் விழுந்தால் அந்தக் கவலை கிடையாது. "தைரியமா இருங்க, ஜெயிச்சிடுவீங்க" என்று ஒரு வரி, அவ்வளவுதான், அடுத்த கார்டு. யூடியூபில் ரீடிங் போடுகிற நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும்.

முதலில் படத்தை ஒழுங்காகப் பார்ப்போம். நம்மில் பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது 1909இல் லண்டனில் ரைடர் பதிப்பகம் வெளியிட்ட கட்டு, அல்லது அதைப் பார்த்து வரைந்த ஏதோ ஒன்று. திட்டம் மறைஞான எழுத்தாளர் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது, வரைந்தது பமீலா கோல்மன் ஸ்மித். (ரொம்ப காலம் கட்டின் பெயரில் அந்த அம்மாவுக்கு இடமே தரவில்லை. வேலை பெரிது, காசு கொஞ்சம் என்று அந்த வருடமே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.) வெள்ளை உடுப்பில் ஒரு பெண், தலையில் பூ, தலைக்கு மேலே படுத்த எட்டு மாதிரி முடிவிலிக் குறி. கவசம் இல்லை, கத்தி இல்லை. குனிந்து சிங்கத்தின் வாயில் இரண்டு கையையும் வைத்திருக்கிறாள். சிங்கம் நாக்கை நீட்டிக்கொண்டு, வாலைக் கால் இடுக்கில் சுருட்டிக்கொண்டு, அவள் முகத்தையே பார்க்கிறது.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது அந்தப் பூச்சரத்தை. சிங்கத்தை அழைத்துப் போவது பூச்சங்கிலி என்று வெயிட்டே எழுதியிருக்கிறார், ஆனால் படத்தில் அதே சரம் அவள் இடுப்பையும் சுற்றியிருக்கிறது. அதாவது அவளும் கட்டுப்பட்டிருக்கிறாள். பூச்சரம்தானே, சிங்கம் ஒரு தடவை தலையைச் சிலுப்பினால் அறுந்துவிடும், ஆனாலும் அது சிலுப்பவில்லை. என்னைக் கேட்டால் மொத்தக் கார்டும் அந்த அறுபடாத சரத்தில்தான் இருக்கிறது. பயந்து அடங்கிய மிருகம் வேறு, இஷ்டப்பட்டு நிற்கிற மிருகம் வேறு.

இந்தக் கார்டு எப்போதும் இப்படி இருந்ததில்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் டாரோ வெறும் சீட்டாட்டம்தான், குறி பார்ப்பது எல்லாம் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வந்து ஒட்டிக்கொண்டது. மிலானின் பிரபுக் குடும்பங்களுக்காகத் தங்கத் தகடு ஒட்டி வரைந்த கட்டுகளில் ஒன்றில், இதே கார்டில் ஓர் ஆண் சிங்கத்தை அடிக்கக் கதாயுதத்தை ஓங்கிக்கொண்டு நிற்கிறான், கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸ் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். (கிரேக்கக் கதைப்படி அந்தச் சிங்கத்தின் தோலில் ஆயுதம் எதுவும் இறங்காது, அவன் கழுத்தை நெரித்துத்தான் கொன்றான், அதனால் அந்தக் கதாயுதமே அங்கே வீண்.) அதே குடும்பங்களுக்கு வரைந்த இன்னொரு கட்டில் ஒரு பெண் சிங்கத்தின் வாயைப் பிடித்திருக்கிறாள். வேறொரு பழைய கட்டில் சிங்கமே கிடையாது, ஒருத்தி உடைந்த தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இத்தனையிலும் கடைசியில் நிலைத்தது வாயைப் பிடித்தவள்தான். பிரான்சில் பரவலாகப் புழங்கிய பழைய மார்செய் கட்டிலும் அவள்தான் இருக்கிறாள், அகலமான தொப்பி போட்டுக்கொண்டு. அவள் அந்த வாயைத் திறக்கிறாளா, மூடுகிறாளா என்று சொல்ல முடியாது. வெயிட் மூடுகிறாள் என்று எழுதிவிட்டார். எனக்கு மார்செயின் குழப்பமே பிடித்திருக்கிறது.

அப்புறம் எண் தகராறு. மார்செய் மாதிரி பழைய கட்டுகளில் இது 11, நீதி கார்டு 8. வெயிட் இரண்டையும் இடம் மாற்றினார். எனக்குத் தெரிந்த காரணங்கள் எனக்குப் போதும், உங்களுக்கு விளக்கத் தேவையில்லை என்கிற தொனியில் புத்தகத்தில் ஒரு வரியோடு முடித்துக்கொண்டார், மனுஷனுக்கு என்ன திமிர் பாருங்கள். காரணம் அவர் இருந்த கோல்டன் டான் என்ற மறைஞானச் சங்கத்தின் ராசிக் கணக்கு: சிங்கம் சிம்மத்துக்கு, தராசு துலாமுக்கு, ராசி வரிசைப்படி சிம்மம் முன்னால் வந்தாக வேண்டும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் அர்த்தம் மாறிவிடுகிறது. 8 என்றால் கவசம் போட்டு ரதத்தில் நிற்கிற 7ஆம் கார்டுக்கு அடுத்து வருகிறாள், வெளியே ஜெயித்தாயிற்று, இனி உள்ளே பார் என்று ஆகிறது. 11 என்றால் 10ஆம் கார்டான விதிச் சக்கரம் சுற்றி முடித்த பிறகு வருகிறாள், கீழே விழுந்தவன் தாங்கிக்கொள்ள வேண்டிய நேரம் அது. நான் ரைடர் கட்டு வைத்திருந்தாலும் இந்த இரண்டாவதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் படிப்பேன். இங்கிலாந்தின் மறைஞானி அலிஸ்டர் குரோலி, தோத் என்ற தன் சீட்டுக் கட்டில் இதை மறுபடி 11க்கே கொண்டுபோனார், பெயரையும் காமம் என்று மாற்றி, பல தலை மிருகத்தின் மேல் அவளை ஏற்றி உட்கார வைத்தார். அந்தக் கட்டை வரைந்த ஃப்ரீடா ஹாரிஸின் ஓவியம் பிரமாதம், ஆனால் எனக்கு அந்தக் கார்டோடு ஒட்டவில்லை.

சரி, எரிச்சல் விஷயத்துக்கு வருகிறேன். "ஜெயிச்சிடுவீங்க"வை விட மோசமான ஒரு வாசிப்பு உண்டு, "பொறுமையா இருங்க, அனுசரிச்சுப் போங்க". இது பெண்களுக்கு மட்டும் சொல்லப்படும். என் தோழி ஒருத்தி ஆபீஸ் தொல்லை தாங்காமல் போய்க் கேட்டபோது இந்தக் கார்டைக் காட்டி இதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அன்பால் மேனேஜரை மாற்றலாமாம்! நான் அவளிடம் படத்தை எடுத்து வைத்து, கை எங்கே இருக்கிறது பார் என்றேன். அனுசரித்துப் போகிறவள் சிங்கத்தின் வாயில் கை வைக்க மாட்டாள், ஓரமாக ஒதுங்கிப் போவாள். அதோடு சிங்கம் மேனேஜர் இல்லை. அது அவளுடைய சொந்தக் கோபம், அதைக் கொல்லாமல், அவிழ்த்தும் விடாமல் கூடவே கூட்டிப்போகச் சொல்கிறது கார்டு. அந்தக் கோபம் உயிரோடு இருந்தால்தான் ராஜினாமாக் கடிதமோ புகார்க் கடிதமோ எழுத முடியும், அது கையை மீறினால் எழுதுவது கடிதமாக இருக்காது.

தலைகீழாக விழுந்தால் வெயிட் தரும் பட்டியலில் கொடுங்கோன்மையும் பலவீனமும் சேர்ந்தே இருக்கின்றன. ரிவர்ஸ் பார்ப்பதில்லை என்று கொள்கை வைத்திருப்பவர்கள் இந்த ஒரு கார்டுக்காவது அதைத் தளர்த்தலாம். எம்பரர் (சக்கரவர்த்தி) கார்டுக்குப் பக்கத்தில் இது தலைகீழாக விழுந்தால், அடுத்த கார்டைத் திருப்பும் முன் வீட்டில் சத்தம் போடுகிறவர் யார் என்று கேட்டுவிடுவேன். பெரும்பாலும் அது எதிரே உட்கார்ந்திருப்பவரேதான்.