எறும்புக்கு யார் வழி சொன்னது?

“அப்பா, இந்த எறும்புக்கெல்லாம் யாரு வழி சொன்னா?”

சுவரோரம் குப்புறப் படுத்துக்கொண்டு கேட்டாள் மகள். வயது 5.

இரை கண்ட எறும்பு திரும்பும்போது தரையில் ஒரு வாசனைப் பொருளை இட்டுக்கொண்டே வரும், மற்றவை அதை உணர்கொம்பால் மோப்பம் பிடித்துப் போகும். சொல்ல வாயெடுத்தவன் அடக்கிக்கொண்டேன்.

“நீயே கண்டுபிடியேன்” என்று நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் விரலை நனைத்து, வரிசைக்குக் குறுக்கே அழுத்தித் தேய்த்தாள்.

அடுத்து வந்த எறும்பு அந்த இடத்தில் சட்டென்று நின்றது. கொம்புகளை ஆட்டியது. இடப்பக்கம் போய், திரும்பி வந்து, மறுபடி தேடியது. பின்னால் வந்தவையும் அங்கேயே தடுமாறின.

“தரையில ஏதோ எழுதி வச்சிருக்குப்பா! நான் அழிச்சிட்டேன்!”

கேட்டவுடன் பதில் சொல்லிவிடுகிறோம், அன்பில்தான். ஆனால் பதில் கிடைத்ததும் குழந்தை எழுந்து போய்விடுகிறது. இன்று அரை மணி நேரம் இவள் அசையவே இல்லை.

இப்போது எறும்பு வரைகிறாள். கால் நாலா, ஆறா என்று சந்தேகம் வந்து, பென்சிலோடு மறுபடி சுவரோரம் போயிருக்கிறாள்.